இழந்ததன்மேல் எழும் வேட்கை

தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படமெனப் போற்றப்படும் ‘கீசக வதம்’ 1918 ஆம் ஆண்டளவில் ஆர். நடராஜ முதலியாரால் சென்னையில் உருவாக்கப்பட்டது. இன்று அதன் பிரதி ஒன்றேனும் இல்லை. இலங்கையின் முதற் கதைப்படமாகிய, 1925 இல் வெளிவந்த ‘இராஜகீய விக்கிரமய’வும் இந்நாட்டார் காணுமுன்னரே தீக்கிரையாயிற்று என்பர். அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றினால் ஆனவை. அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல அழிக்கப்பட்டன. அமெரிக்க ஊமைக் கதைப்படங்களுள்ளும் நூற்றுக்குப் பதினான்கே மூல வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என 2013 இல் வெளியான காங்கிரஸ் நூலக ஆய்வு கூறுகின்றது.

அழிந்தவற்றைத் தேடிச் சேகரிப்போர் அலைவது ஏன்? காணாத படம் எவரையும் ஏமாற்றுவதில்லை. அதன் குறைகளைக் கற்பனை நிறைவாக்கிவிடுகின்றது. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருத்தல் வேண்டும் என்னும் அவாவும் உடன் கலந்துள்ளது. அவ்வாறாயின் இவ்வேட்கை கலையன்பா, உடைமை வெறியா?

கிடைத்த பொருளை ஒருவர் என்செய்கின்றார் என்பதே இதற்கு உரைகல். 1930களின் ‘மார்த்தாண்ட வர்மா’ பதிப்புரிமை வழக்கிற் சிக்கி முடங்கியதனாலேயே அழியாது எஞ்சியது. பூட்டும் சிலபோது காக்கும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், 1974 இல் பி. கே. நாயரின் முயற்சியால் பூனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடையும்வரை, அது காண்பாரற்ற சுருளாகவே கிடந்தது. காண்பாரிடம் சேர்ப்பவனே கலையை நேசிப்பவன். பூட்டி வைத்து மகிழ்பவன் அதன் அருமைப்பாட்டை மட்டுமே நேசிக்கின்றான்.

இவ்வினா ஊவாவில் வாழும் எமக்கும் உரியது. பதுளை, பசறைத் தோட்டங்களில் ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த முதியோர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். காமன் கூத்தின் பாடல்களை மனப்பாடமாக அறிந்தோரும் உளர். அவை அரியனவாய் இராமையால் நாம் அவற்றை நாடுவதில்லை; மறைந்தபின் அவற்றுக்கும் சேகரிப்போர் தோன்றுவர். பாடுவோர் வாழ்ந்த காலத்திலேயே மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை வேறு வழியைக் காட்டினார்.

இழந்ததை எண்ணி ஏங்குதல் மனித இயல்பு, அது குற்றமன்று. ஆனால், இருப்பதைப் பேணும் கடமைக்கு அவ்வேக்கம் ஈடாகாது. இழப்பின் வலியை உணர்ந்தவன் அடுத்த இழப்பைத் தடுக்க முற்படுவானாயின், அப்பொழுதே அவ்வேட்கை அறத்தின்பாற் படும் என்பது எமது துணிபு.