விளையாட்டு மன்றமும் நம் உடன்பாடும்

நாகர்கோவிலிலிருந்து சிதறால் மலையின் பண்டைச் சமணப் பள்ளியைக் காணச் செல்வோர் தக்கலை வழியே செல்வர். ஓணம், பொங்கல் நாள்களில் அவ்வட்டாரத் திடல்களில் இளைஞர் மன்றங்கள் போட்டிகள் நடத்துதல் வழக்கம். கபடியும் கைப்பந்தும் உடலுக்கு நலம், ஊருக்கு ஒற்றுமை. ஆயினும் பரிசளிப்பு இரவில் எம்மன்றத்திலேனும் மது புகுமாயின், தாய்மாரும் சிறாரும் அங்கு நிற்பது எங்ஙனம்?

"நாம் குடிப்பதில்லை, பிறர் குடித்தால் நமக்கென்ன?" என்பர் சிலர். கள், ஊன், தேன் ஆகியவற்றை இல்லறத்தார்க்கு விலக்கிய நம் அறம், வினை மூவழியில் சேரும் என்கிறது: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். நன்கொடை அளித்துவிட்டு, அது எதற்குச் செலவாயிற்று என்று கேளாதிருப்பதும் உடன்பாடேயன்றோ?

அதற்காக மன்றத்தை வெறுத்து ஒதுங்குதலும் தகாது. ஒதுங்கினால் இளைஞர் வழிகாட்டுவாரின்றித் தனித்து நிற்பர். ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'குட் ஸ்போர்ட்ஸ்' திட்டம், குடிப்பவரைப் பழிப்பதை விடுத்து, விளையாட்டு மன்றங்களின் நடைமுறையையே திருத்த முற்பட்டது: மதுவுக்கு வரம்பு, நல்லுணவு, மதுவற்ற பானங்கள், பத்திரமாக வீடு திரும்ப ஏற்பாடு.

நாமும் நம் ஊர் மன்றங்களில் இவற்றைக் கேட்கலாம். கதிரவன் மறையுமுன் பரிசளிப்பு முடியட்டும். இரவுண்ணா நோன்பினரும் உடனமர்ந்து உண்பர். மோரும் இளநீரும் வழங்கப்படட்டும். பெண்டிர்க்கும் முதியோர்க்கும் போட்டிகள் அமையட்டும். வரவு செலவு அவையில் படிக்கப்படட்டும்.

சிதறால் குகையில் நோற்ற முனிவரின் துறவு நமக்கு அரிது. ஒரு மாலைப்பொழுதைத் தூய்மையாகக் காத்தல் அரிதன்று.