ரோம நாவல்களில் நம்பிக்கை யாருடையது?

ரோமைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல்கள் உடையிலும் ஆயுதத்திலும் அதிகம் தவறுவதில்லை. அவை தடுமாறுவது சமயத்தில். பழைய ரோமர்களுக்குச் சமயம் என்பது முதன்மையாகச் சடங்கு. பலியும் தூபமும் முறைப்படி நடந்தால் தேவர்களோடு நகருக்குள்ள உறவு காக்கப்பட்டது. படைப்பவன் மனத்தில் என்ன இருந்தது என்று யாரும் துருவவில்லை. கி.பி. 112 அளவில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்தார். அதை மறுத்துத் தேவர்களைத் தொழுது, பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்தவர்களை விடுவித்தார். அவர் கேட்டது ஒரு செயலை. அதைச் செய்ய மறுத்த கிறிஸ்தவர்களுக்கோ அது மனச்சாட்சியை விற்பதாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் பெரும்பாலும் அப்படி மறுத்தவர்களின் வழிவந்தவர்கள். ஹென்ரிக் சியென்கியேவிச்சின் 'குவோ வாடிஸ்' (1896) பேரரசர் நீரோ காலத்தில் நடக்கிறது. நாயகி லிகியா, ரோமில் பிணையாக வளர்ந்த அரசகுமாரி. அவளுடைய இனத்தின் மண்ணில்தான் பிற்காலப் போலந்து எழுந்தது என்பது நாவலின் குறிப்பு. நாவல் வெளிவந்தபோது வரைபடத்தில் போலந்து இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகியவற்றின் பிடியில் அது சிதறிக் கிடந்தது. ஆகவே லிகியாவின் துன்பத்தில் கிறிஸ்தவரின் துன்பமும் போலந்துக்காரரின் துன்பமும் ஒன்றாகின்றன; ரோமரின் பார்வைக்கு அங்கே இடம் குறைவு. வியப்பு என்னவென்றால், நாவலில் உயிரோட்டம் மிக்க பாத்திரம் கிறிஸ்தவத்தில் சேராத, நீரோவின் அவையினரான பெத்ரோனியஸ்தான்.

கோர் விடாலின் 'ஜூலியன்' (1964) எதிர்த்திசையில் செல்கிறது. 361 முதல் 363 வரை ரோமப் பேரரசராக ஆண்ட ஜூலியன், கிறிஸ்தவராக வளர்ந்து பழைய வழிபாட்டை மீட்க முயன்றவர். அவருடைய நினைவுக்குறிப்புகளாகக் கதை நகர்கிறது. லிபானியஸ், பிரிஸ்கஸ் என்னும் இரு அறிஞர்கள் இடையிடையே குறுக்கிட்டு மறுக்கிறார்கள், திருத்துகிறார்கள். ஒரே கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்க இது நல்ல உத்தி. ஆனாலும் மூவர் பேச்சிலும் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கரின் ஏளனம் எட்டிப் பார்க்கிறது.

இதில் விடாலை மட்டும் குறை சொல்வதற்கில்லை; பழைய ரோமரின் சமயப் பார்வை ஜூலியனிடமே கலப்பற்று இருக்கவில்லை. உண்மையான ஜூலியனே தம் பூசாரிகள் ஒழுக்கத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் முன்னிற்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். எதிரியின் சமயத்திடமிருந்து கற்றது அதில் தெரிகிறது. 'ரோமர்' என்ற அடையாளமும் அவரிடம் எளிதாக இல்லை. பிறந்தது கான்ஸ்டான்டிநோபிளில், நூல்களை எழுதியது கிரேக்க மொழியில்.