மனநோயாளிக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாமா?

 



மனநல வார்டில் ஒரு நோயாளி செவிலியரிடம் கேட்கிறார்: "சிஸ்டர், சுவருக்குள்ளிருந்து என்னைத் திட்டுகிறார்களே, உங்களுக்குக் கேட்கிறதா?" 'ஆமாம், கேட்கிறது' என்று சொன்னால் அந்த நேரத்துக்கு அவர் அமைதியாகலாம். ஆனால் அது பொய். 'அப்படி ஒன்றும் இல்லை, பேசாமல் படுங்கள்' என்றால் அது உண்மைதான். ஆனால் மறுநாள் அவர் எதையும் சொல்லமாட்டார்.

மனநல செவிலியருக்குக் கற்றுத்தரும் பதில் வேறு. "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. பயமாக இருக்கிறதா? அது என்ன சொல்கிறது?" இதில் பொய்யும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. கடைசிக் கேள்வி வெறும் விசாரிப்பு அல்ல. சிலருக்கு அந்தக் குரல் 'செத்துப்போ' என்று கட்டளையிடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் காப்பாற்ற முடியும்.

பிணக்குத் தீர்ப்பது போன்ற சில இடங்களில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறதே, நோயாளியின் ஆறுதலும் அதில் சேராதா என்று சிலர் கேட்கலாம். அந்தச் சலுகையை இங்கே நீட்டிவிடக் கூடாது என்பதே என் கருத்து. எது நிஜம், எது தோற்றம் என்று பிரிக்க முடியாமல் தவிப்பவர் அவர். பக்கத்தில் இருப்பவரும் பொய் சொன்னால் அவர் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மனநிலை சரியில்லாத ஒரு பெண், தமக்கு ஒரு தேவை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். நபியவர்கள் அவரை 'இன்னாரின் தாயே' என்று மரியாதையாக அழைத்தார்கள். எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கே விட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு பாதையோரத்தில் அவருடன் நின்றார்கள். அவர் என்ன சொன்னார் என்பது அறிவிப்பில் இல்லை. நபியவர்கள் நின்று கேட்டார்கள் என்பது மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் 1952-இல் எழுதிய நூலில், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று விளக்கினார். மனநல செவிலியர் பயிற்சியில் இன்றும் அவர் பெயர் வராமல் இருக்காது. மரியாதையாக அழைப்பது, தனிமை தருவது, அவசரப்படுத்தாமல் கேட்பது எல்லாம் அங்கே பாடங்கள்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. மகன் வாய் திறப்பதற்குள் 'எல்லாம் சரியாகிவிடும், இன்ஷா அல்லாஹ்' என்று முடித்துவிடுகிறோம். இன்ஷா அல்லாஹ் என்பது நல்ல வார்த்தை. பேச்சை அடைக்க அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. இன்னும் சிலர் 'ஈமான் குறைந்துவிட்டது' என்கிறார்கள். மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் சொல்கிறது. ஒரு நபியின் ஈமானையா குறை சொல்வோம்? தொழுகையும் துஆவும் வேண்டும். மருத்துவரும் வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தாரே கொண்டுவந்து விட்டவர்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் 'இவன் சொல்வதை எதற்குக் கேட்பது' என்ற எண்ணம் அப்படியே இருந்தால், வீட்டில் இருக்கும் நோயாளிக்கு என்ன மாறிவிட்டது?

இன்னொரு கடினமான இடம் உண்டு. "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று நோயாளி கேட்பார். ரகசியம் அமானிதம் அல்லவா? ஆனால் நல்ல செவிலியர் அந்த வாக்கை முன்கூட்டியே தரமாட்டார். "நீங்கள் சொல்வதை வெளியே பரப்பமாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்" என்பார். உயிரும் அமானிதம்தான். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட இது நேர்மையானது.

உங்கள் வீட்டில் யாராவது 'வாழப் பிடிக்கவில்லை' என்று சொன்னால், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். கூச்சமாக இருந்தால் அவருக்குப் பதில் முதலில் நீங்களே பேசுங்கள்.