பழக்கமும் வெள்ளிக்கிழமையும்



ஒருவன் பலகாற் செய்த செயல், பின்னர் அவன் நினையாமலே தானே நிகழும். அதுவே பழக்கமாம். பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் அதன் மணம் நீங்காமை போல, மலம் நீங்கிய ஞானியையும் அதன் வாசனை தாக்கும் என்பது நம் நூற்கொள்கை. அதுபற்றியன்றோ சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஞானிக்கும் அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது! ஞானிக்கே இது வேண்டுமாயின், ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கட்டளையினாலும் வசைமொழியினாலும் ஒரே நாளிலே திருத்தக் கருதுதல் எவ்வாறு பொருந்தும்?

நம் நல்லூரிலே 1822ஆம் ஆண்டிலே பிறந்தருளிய ஆறுமுகநாவலர் அவர்கள், வெசுலியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர்கள். வாரந்தோறும் ஒரு நாளிலே, ஒரு நேரத்திலே, ஓரிடத்திலே கூடிக் கேட்டலினாலே மக்கள் மனம் எவ்வாறு பதப்படுகின்றது என்பதை அங்கே அணுகிநின்று கண்டிருத்தல் வேண்டும். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே பிரசங்கந் தொடங்கினார்கள். பின்பு வெள்ளிதோறும் அது நடந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போதல் முன்னமே ஊரார் வழக்கம். புதியதொரு நாளைத் தேடாது, அவ்வழக்கத்தின் மேலேயே கேள்வியை ஏற்றிவைத்தார்கள். இந்நுட்பத்தையே யான் பெரிதும் வியக்கின்றேன். அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. அவர்கள் இயற்றிய சைவவினாவிடையும் நித்தியகருமங்களை வினாவும் விடையுமாகப் பிள்ளைகள் நாவிலே படியவைத்தது.

யானும் மிஷன் பாடசாலையிலே பயின்றவனே. அங்கே கற்றவற்றுள் மறந்தன பல. மணியோசை கேட்டால் மாத்திரம் இன்றும் என் கால்கள் தாமே எழுகின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே பூசைகள் குறித்த நேரந் தவறாது நிகழ்தலை யாவரும் அறிவர். அம்மணி எவருக்காகவுங் காத்திராமையினாலே, மற்றெங்கும் பிந்துபவரும் அங்கே முந்துகின்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 96 பேரை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்ததே. காலையுணவின் பின் என்றாற்போல ஒரு குறிப்பைப் பற்றி நாடோறும் ஒரு சிறுசெயலைச் செய்தவர்க்கு, அது பழக்கமாதற்கு இடைநிலையாக 66 நாட்கள் சென்றன. சிலர்க்கு 18 நாட்களே போதும். சிலர்க்கு 254 நாட்கள் வேண்டுமெனக் கணக்கிட்டார்கள். இடையே ஒரு நாள் தவறினமையாற் பெருங்கேடு விளையவில்லை. நாமோ மூன்றாம் நாளிலே தவறிய பிள்ளையை "நீ உருப்படாய்" என்று சொல்லிவிடுகின்றோம். 254 நாட் பிள்ளையும் நம் வகுப்பிலே இருக்கக்கூடுமென்று எண்ணுகின்றிலோம்.

இக்காலத்துப் பிள்ளையின் கை, விழித்தவுடன் கைப்பேசியை நாடுகின்றது. "தொடாதே" என்று விலக்கினால் அக்கை வெறிதாய் நிற்கும். வெறுங்கை பழைய இடத்துக்கே மீளும். ஆதலால் அக்கைக்கு வேறொரு தொழில் கொடுத்தல் வேண்டும். இரவிலே கைப்பேசி வேறறையிற் கிடக்க. அது கிடந்த தலைமாட்டிலே திருநீற்றுச் சம்புடம் இருக்க. பிள்ளை பழக்கத்தினாலே கையை நீட்டும்பொழுது திருநீறே அகப்படும். அணிந்து, சிவபெருமானை நினைந்து எழுதற்கு அதுவே தொடக்கமாகும். சில நாள் அக்கை ஏமாந்து தடுமாறும், தடுமாறட்டும்.

இதனைப் பெற்றோருக்குச் சொல்லுமுன், இன்றிரவு நமது தலைமாட்டிலே எது கிடக்கின்றது என்று நாம் பார்த்துக்கொள்ளல் நலம். பிள்ளைகள் அதைக் கேளாது விடார்.