பெயரில்லா உயிரும் பெயரிடுவோர் கடனும்

ஓர் உயிரினத்துக்குப் பெயரிடுதல் அறிவுத்துறைச் செயல் மட்டுமா, அன்றி அறச்செயலுமா? இவ்வினா விலங்கியலாருக்கே உரியதென ஒதுக்கத்தக்கதன்று. பெயர் மொழியின்பாற்பட்டது, கடமை மெய்யியலின்பாற்பட்டது. ஆதலின் கலைத்துறை மாணவரும் இதனை ஆராய்தல் தகும்.

பசுபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில், 6,000 மீற்றருக்கும் கீழே பிடிபட்ட சிறு ஓட்டுடலியொன்றை ஆய்வாளர் 2020 இல் புதிய இனமென அறிவித்தனர். இறாலுக்குத் தூரத்து உறவான இது, மேலிருந்து விழும் பிணங்களைத் தின்று வாழ்வது. ஓர் இனம் புதிதென நிறுவுதல் எளிதன்று. உணர்கொம்பு, வாயுறுப்பு, கால் என்பவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை உறவினங்களோடு ஒப்பிடல் வேண்டும். மரபணுச் சான்றும் அதனோடு இயைதல் வேண்டும். பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியை நூதனசாலையில் பேணுதல் வேண்டும். இவ்வாறு நிறுவப்பட்ட இனத்துக்கு யூரிதெனிஸ் பிளாஸ்ரிக்கஸ் என்று பெயரிட்டனர். மாதிரியொன்றின் குடலில், குடிநீர்ப் போத்தல் செய்யப்படும் பிளாஸ்ரிக்கை ஒத்த இழை காணப்பட்டமையே அதற்குக் காரணம். மனிதரின் அறிவு அவ்வுயிரை எட்டுமுன் மனிதரின் கழிவு எட்டிவிட்டது.

இது எங்கோ நிகழ்ந்த செய்தியன்று. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் நமது மேற்குக் கரையில் ஒதுங்கின. கரையில் ஒதுங்கியவற்றை மனிதர் அள்ளினர். கடலில் எஞ்சியவை எவ்வுயிர்களுக்குத் தீங்கு செய்தன என்று கூறுவதற்கு, முதலில் அவ்வுயிர்களை இனங்காணல் வேண்டும்.

உயிர்ப்பாகுபாடு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, நண்டினை நான்கறிவுடையவற்றுள் வைக்கின்றது. அப்பாகுபாட்டின் அளவுகோல் ஓர் உயிர் நமக்கு எவ்வளவு பயன்படும் என்பதன்று. அது உலகை எத்தனை வாயில்களால் உணர்கின்றது என்பதேயாகும்.

எனினும், வகைப்படுத்தல் உடைமையாக்கலின் முதற்படியே என்பாரும் உளர். வரலாறு அவர்க்கு ஓரளவு துணை நிற்கின்றது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புப் பல ஆண்டுகளாகப் பொய்த்தமையால், குடியேற்ற நாட்டு அரசின் தேவைக்காகவே பேராசிரியர் ஹேட்மன் 1902 இல் இலங்கைக்கு வந்தார். நாடப்பட்டது முத்து வருவாய். ஆயினும் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அறிக்கையில், எவர்க்கும் காசு ஈட்டித் தராத சிறு ஓட்டுடலிகளும் விவரிக்கப்பட்டன. முத்துக்குளிப்பு மறைந்தது; அவ்விவரணங்கள் நிலைத்தன. ஆதலின் ஆய்வை ஏவியோர் நோக்கங்கொண்டு மட்டும் ஆய்வின் பயனை அளத்தல் பொருந்தாது.

இன்று நோக்கம் முத்தன்று, உலோகம். ஹவாய்க்கும் மெக்சிக்கோவுக்கும் இடைப்பட்ட கிளாரியன்-கிளிப்பேட்டன் வலயத்தின் கடலடியைத் தோண்ட நாடுகளும் நிறுவனங்களும் முனைகின்றன. அங்கு பதிவான 5,578 இனங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது விஞ்ஞானப் பெயர் பெறாதவை என 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இந்து சமுத்திரத்திலும் அபனாசி நிக்கிட்டின் என்னும் கடலடி மலையின் கோபாற்றுப் படிவுகளை ஆராய 2024 இல் இந்தியா அனுமதி கோரியது. அப்பகுதிமீது இலங்கையும் உரிமை கோருகின்றது. மலை எவருடையது என்பதற்கு வழக்காட இரு அரசுகள் உள. அங்கு வாழ்வனவற்றுக்காகப் பேசுவார் எவர்?

பெயரே உயிருக்கு மதிப்பைத் தருகின்றது என்று கூறுதல் பிழையாகும். பெயர் சூட்டப்படாத குழந்தைக்கு வாழும் உரிமை இல்லை என்பார் எவருமிலர். ஆனால் சட்டமும் கணக்கும் பெயருள்ளவற்றையே எண்ணுகின்றன. பெயரில்லா இனம் அழியுமாயின் இழப்பேட்டில் ஒரு வரியும் எழுதப்படாது. அழித்தோர் எதையும் அழிக்கவில்லை என்றே கணக்கு முடியும். நமது அறியாமை தோண்டுவோர்க்கு இலாபமாக அமைதல் நீதியாகாது.

அனைத்துக்கும் பெயரிட்டு முடியும்வரை உலகம் காத்திருக்குமா எனக் கேட்கலாம். உலோகத்தின் தேவையும் மெய்யானதே. ஆயினும் மீளாத அழிவைச் செய்ய முனைவோரே, எதனை அழிக்கின்றோம் என்று கூறும் கடமையுமுடையர். கூற இயலாதவிடத்துக் கையை நிறுத்துதலே முறை. ஓர் அங்குல ஓட்டுடலியின் கால்களை நுண்ணோக்கியின் கீழ் எண்ணிக்கொண்டிருப்பவர் வீண்வேலை செய்பவரல்லர். வாயில்லா உயிரின் வழக்குக்குச் சாட்சியம் தேடுபவர்.