முகத்துக்கு நேரே

கல்முனையில் உவெஸ்லியின் பெயரால் ஒரு பாடசாலை உண்டு. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் வேலிக்கு வேலி நெருங்கி நிற்கும் அக்கரையோரத்தில் அப்பெயர் எல்லோர் வாயிலும் வழங்குகிறது. அப்பெயருக்குரியவர் தம் அடியார்களிடம் கேட்ட கேள்வியைத்தான் பலர் அறியார்.

1738 இல் ஜோன் உவெஸ்லி சிறு குழுக்களுக்கென விதிகள் வகுத்தார். சேர வருபவரிடம், அவருடைய குற்றங்களைப் பிறர் ஒளிவுமறைவின்றி அவருக்கு எடுத்துரைப்பதை அவர் விரும்புகிறாரா என்று கேட்கப்பட்டது. 1742 இல் பிறிஸ்டல் நகரில் கட்டடக் கடன் தீர்க்க வாரம் ஒரு பென்னி தண்டச் சென்றவர்கள், உறுப்பினர் வாழும் விதத்தை நேரிற் கண்டனர். 'வகுப்புக் கூட்டம்' அதிலிருந்து வளர்ந்தது. இதில் நமக்கு வியப்பில்லை. செபத்தில் மறையும் மனிதன் வீட்டு வாசலில் அகப்பட்டு விடுகிறான்.

தன் நெஞ்சைத் தானே விசாரிப்பவன் தன் உறவினனையே விசாரிக்கிறான். தீர்ப்பு இலகுவாகவே அமையும். ஆகவே பிறர் வாக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தப் பிறர்? வலியோர் முன் எளியோர் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சியை 1930களின் மொஸ்கோவும் கண்டது. 'தன்விமர்சனம்' என்ற நல்ல சொல் அங்கு பட்ட பாட்டை நாம் மறப்பதற்கில்லை.

அந்தியோகியாவில் நிகழ்ந்தது வேறு. யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து தம்மவர் சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பின்வந்தவரான பவுல், மூத்த அப்போஸ்தலரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். பந்தியில் ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று, கீழிருந்து மேல்நோக்கி எழுந்த குரல் அது. சாதிக்கொரு பந்தி கண்ட நம் நாட்டவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமா? பேதுரு கூறிய மறுமொழியைப் பவுல் எழுதவில்லை. எனினும் பேதுருவைத் தலைவராகக் கொண்ட திருச்சபையே, அவரைக் கண்டித்த நிருபத்தை வேதமாகப் பேணிவருகிறது. இது சிறிய காரியமன்று.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். ஐந்து நாட்களின் பின் கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், ஒரு வீட்டில் புதியவர்கள் தங்கியிருப்பதை ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அங்கு ஆறு பிள்ளைகள் உட்படப் பதினைந்து உயிர்கள் மடிந்தன. தம் வீட்டுக்குள்ளேயே விளக்கைத் திருப்பிய செயல் அது.

அதே நாட்களில், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நீர்கொழும்பில், பாகிஸ்தானிலிருந்து அடக்குமுறைக்கு அஞ்சி வந்திருந்த நூற்றுக்கணக்கான அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பலர் அகமதியர், சிலர் கிறிஸ்தவர்களே. மே 5 அன்று அங்கு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பேராயர் மல்கம் ரஞ்சித் அமைதி வேண்டினார். அது தக்க செயல். ஆயினும் ஞாயிறுதோறும் சொல்லப்படும் பொதுப் பாவ அறிக்கையில் எல்லாப் பாவமும் அடங்கும். அடைக்கப்பட்ட அந்த வாடகை வீட்டுக் கதவு அங்கே தனித்துத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் வெளியே நிற்பவர்.

கல்முனையில் ஒரு கிறிஸ்தவர் தம் அயலவரான முஸ்லிமிடம், "எங்களில் நீங்கள் காணும் குறை என்ன?" என்று கேட்பாராயின், பேச்சு நீர்கொழும்பிலிருந்து தொடங்கக்கூடும். கட்டுவாப்பிட்டியை நினைவூட்டிக் குறுக்கே பேசாமல், கேட்டவர் அதை முடியும்வரை கேட்க வேண்டியிருக்கும்.