உயிர் இறைவனின் துண்டா?

கேள்வி: தவறணையில் தாய்ச்செடியின் ஓர் இலையையும் கணுவையும் வெட்டி நட்டால் அதுவே முழுத் தேயிலைச் செடியாகிறது. உயிர்களும் இறைவனிடமிருந்து அப்படிப் பிரிந்த துண்டுகள்தானே? கீதையும் அதைத்தானே சொல்கிறது?
– ஒரு வாசகர், வட்டகொடை

பதில்: நல்ல உவமை. ஆனால் அதைக் கடைசிவரை கொண்டுபோனால் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். உங்களுக்குப் பக்கத்திலே தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற ரகங்களை வெட்டுத்தண்டில் வளர்ப்பதே தாயின் குணம் மாறாமல் கன்றுக்கு வரும் என்பதற்காகத்தான். தாய்க்கு ஒரு பலவீனம் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். உயிரிடம் அறியாமையும் ஆசையும் சினமும் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. உயிர் இறைவனின் துண்டென்றால் அந்தக் குறைகள் இறைவனிடமும் இருந்தாக வேண்டும். 'இல்லை, பிரிந்த பிறகு வெளியிலிருந்து ஒட்டியவை' என்பீர்களானால், தூய பொருளையே பற்றிக்கொள்ளும் வலிமை அழுக்குக்கு உண்டு என்றாகிறது. அப்படியானால் முத்தி பெற்ற பிறகும் அது மறுபடி பற்றாது என்பதற்கு என்ன உறுதி? இன்னொன்றும் உண்டு. வெட்டக்கூடியது எதுவோ அது உறுப்புகள் சேர்ந்து ஆனது. சேர்ந்து ஆனது ஒருநாள் பிரியும். இறைவனை அந்த வரிசையில் வைக்க நீங்களே சம்மதிக்கமாட்டீர்கள்.

கீதை 15ஆம் அத்தியாயம் 7ஆம் சுலோகம் உயிரை இறைவனின் அம்சம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு உரை கண்டவர்கள் அதை வெட்டிய துண்டு என்று கொள்ளவில்லை. உறுப்பே இல்லாத பொருளுக்கு உறுப்பு எப்படி வரும், 'அம்சம் போல' என்றே கொள்ள வேண்டும் என்பது சங்கரர் வழி. ஒளிக்கும் ஒளிவிடும் பொருளுக்கும் உள்ள பிரியாத் தொடர்பை இராமானுசர் காட்டுகிறார். தங்களுக்குள் எவ்வளவோ முரண்பட்ட இருவரும் இந்த ஓரிடத்தில் ஒன்றுபடுவதைக் கவனியுங்கள்.

சைவ சித்தாந்தம் பகுதி, முழுமை என்ற கணக்கையே இங்கே ஒதுக்கிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் செய்த சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம், இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கிறான் என்று கொள்ள இடம் தருகிறது. இதற்கு அவர் காட்டுவது உடலும் உயிரும். காலைப் பெரட்டில் பேரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று பதில் வருகிறது. சொன்னது கையா, காலா, நாக்கா? உடல் முழுதும் தானாகவே நின்று உயிர் பதில் சொல்கிறது. ஆனாலும் அது உடலின் ஓர் உறுப்பல்ல. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவது தோட்டத்துக் கணக்கு. உயிரை அப்படிப் பாதியாக்க எந்தக் கணக்கப்பிள்ளையாலும் ஆகாது.

'பகுதியுமில்லை என்றால் நாம் அவனுக்கு அந்நியர்தானே' என்று நீங்கள் கேட்கலாம். துண்டாக இருந்தால்தான் நெருக்கம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. எனக்கென்னவோ அது நேர்மாறாகவே படுகிறது. வேர் பிடித்த கன்றுக்குத் தாய்ச்செடி தேவையில்லை; தாயைப் பிடுங்கி எறிந்தாலும் கன்று தழைக்கும். அவற்றின் உறவு பழைய உறவு, முடிந்துபோன உறவு. சித்தாந்தம் சொல்லும் உயிரோ அறிவதற்குக்கூட ஒவ்வொரு கணமும் இறைவன் உடனிருந்து அறிவிக்க வேண்டும். அதனால்தான் முத்தியையும் அது வெட்டிய துண்டு மீண்டும் மரத்தில் ஒட்டிக்கொள்வதாகச் சொல்வதில்லை: அங்கே 'நான், எனது' என்ற முனைப்பு அழிகிறது, உயிர் அழியாமல் இறைவனோடு உடனாய் இருந்து இன்பம் நுகர்கிறது.